உலக அகதிகள் தினத்துக்கு நிகழ்ச்சி நடத்தப் போகிறோம், தப்பாகச் செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது

மழைக்கால_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு பேர், கல்லூரியில் இரண்டாம் வருடம். ஜூன் 20 உலக அகதிகள் தினத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாகப் பேசிப் பேசி இப்போதுதான் ஒரு திட்டம் உருவாகியிருக்கிறது. வளாகத்தில் தார்ப்பாயில் ஒரு கூடாரம் கட்டுவது, உள்ளே பெரிய பெரிய புகைப்படங்கள் வைப்பது (அழுகிற குழந்தைகள், படகு, முள்வேலி, எல்லாம் இணையத்தில் எடுத்தவைதான்), வெளியே வருகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் கொடுத்து "ஒரு மணி நேரம் அகதியாக இருந்து பாருங்கள்" என்று ஒரு பயிற்சி. கடைசியில் உறுதிமொழி, செல்ஃபி எடுக்க ஒரு பலகை.

நேற்று எங்கள் குழுவில் ஒருத்தி "எனக்கு என்னவோ போல இருக்கிறது" என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னதிலிருந்து எனக்கும் உறுத்துகிறது.

இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம், எங்களில் ஒருவர்கூட அகதி கிடையாது, எந்தப் போரையும் பார்த்ததில்லை. நாங்கள் இதைப் பேசலாமா? பேசினால் அந்த ஒரு நாளோடு முடிந்துபோகாமல் இருக்க என்ன செய்வது? திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.


பழைய_பேனா எழுதியது:

திட்ட மாட்டேன், ஏனென்றால் இதே கூடாரத்தை நானும் கட்டியிருக்கிறேன்.

ஒன்பது வருடம் முன்பு எங்கள் இளைஞர் குழுவில் இதே மாதிரி ஒரு பயிற்சி வைத்தோம். எல்லைக் காவலர் வேஷத்தில் இரண்டு பையன்கள், கையில் விசில். வருகிறவர்களின் பையைப் பிடுங்கி, அதிகாரத் தோரணையில் கத்தி, வரிசையில் தள்ளுவது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டே வந்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள் (அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்). பார்வையாளர்களில் ஒரு பெண், முதல் வருட மாணவி, விசில் சத்தம் கேட்டதும் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கை நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து வயதில் உண்மையாகவே ஒரு எல்லையைக் கடந்து வந்தவள் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது, அவளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அவள் விரும்பாத இடத்தில், அவள் விரும்பாத நேரத்தில்.

உங்கள் தோழிக்கு உறுத்துவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். அவர்களில் ஒருவர் அதை வாழ்ந்தவராக இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை.

அதோடு, ஒரு மணி நேரம் தாகமாக இருந்தால் தாகம்தான் தெரியும், அகதி வாழ்க்கை தெரியாது. அதில் பெரும்பகுதி காத்திருப்பு. கென்யாவில் ககுமா முகாம் 1992-இல் தொடங்கியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த முகாமில் அகதிகளே 2008-இலிருந்து ஒரு செய்தி ஏடு நடத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிற கூட்டமாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே நிருபர்களும் இருக்கிறார்கள் என்று கேட்டால் பார்வை கொஞ்சம் மாறும்.

கூடாரத்துக்குப் பதில் என்ன செய்யலாம் என்றால், எங்களுக்கு இன்றுவரை கைகொடுப்பது ஒரு உலக வரைபடமும் வட்ட ஸ்டிக்கர்களும்தான். சுவரில் வரைபடத்தை ஒட்டி, வருகிறவர் கையில் ஐந்து ஸ்டிக்கர் கொடுத்து, உலகத்தில் அதிக அகதிகள் தங்கியிருக்கிற ஐந்து நாடுகளில் ஒட்டச் சொல்லுவோம். வேறு பேச்சே வேண்டாம். அரை மணி நேரத்தில் மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சிவப்பாகிவிடும், ஆஸ்திரேலியாவில்கூட நாலைந்து இருக்கும். அப்புறம் பச்சை ஸ்டிக்கரில் சரியான விடையை ஒட்டுவோம். 2024 முடிவில் ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி ஈரான் 35 லட்சம், துருக்கி 29 லட்சம், கொலம்பியா 28 லட்சம், ஜெர்மனி 27 லட்சம், உகாண்டா 18 லட்சம். ஜெர்மனியில் மட்டும் சிவப்பும் பச்சையும் ஒன்றாக நிற்கும். ஈரானில் ஒரு சிவப்பு விழுந்து நான் பார்த்ததில்லை. கொலம்பியா ஏன் என்று கேட்பார்கள், வெனிசுவேலாவைப் பற்றிப் பேச்சு தொடங்கும், ஈரான் ஏன் என்று கேட்டால் ஆப்கானிஸ்தான் வரும். கேள்வி அவர்கள் வாயிலிருந்து வருவதால் பதிலையும் நின்று கேட்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு அகதிகள் பக்கத்து நாட்டிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதை நான் ஐந்து வருடம் மேடையில் சொல்லி ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை, ஸ்டிக்கரில் ஏறிவிட்டது.


நேர்ப்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் விழிப்புணர்வு என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்பாக வருகிறது. தார்ப்பாய் கட்டுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், மறுநாள் தார்ப்பாயைச் சுருட்டுகிறீர்கள். யாருக்கு என்ன கிடைத்தது? ஸ்டிக்கர் ஒட்டியவர் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார்? அந்த ஏழு பேரும் வாரம் இரண்டு மணி நேரம் புதிதாக வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், படிவம் நிரப்பிக் கொடுத்தால், அதில் பாதிக்குப் பாதியாவது பிரயோஜனம் உண்டு. பேச்சைக் குறைத்து வேலையைப் பாருங்கள் என்பதுதான் என் கருத்து. கோபம் வேண்டாம்.


இருமொழிக்காரி எழுதியது:

நேர்ப்பேச்சு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மற்ற பாதி ஆபத்து. ஆறு வருடமாகத் தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்குத் தன்னார்வமாக மொழிபெயர்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

படிவம் நிரப்புவது நல்ல மனசு இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முகவரி மாற்றம், நூலக அட்டை, பள்ளிச் சேர்க்கை, இதெல்லாம் சரி. தஞ்சக் கோரிக்கை மனுவில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒருவர் முதல் நேர்காணலில் "மழைக்காலத்தில் கிளம்பினோம்" என்று சொல்லியிருப்பார், உதவ வந்த மாணவர் அதை அழகாக "ஜூலை 15" என்று எழுதிவிடுவார், ஒரு வருடம் கழித்து இரண்டாவது நேர்காணலில் அவர் வேறு மாதம் சொல்லுவார். உடனே பேச்சு முரண்படுகிறது, இவரை நம்ப முடியாது என்று ஆகிவிடும். அந்தத் தேதி உங்கள் மாணவருடையது, அலைவது அவர். அதைச் சட்டம் படித்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பிறந்த தேதி ஒன்றே போதும் உதாரணத்துக்கு. நான் மொழிபெயர்த்த குடும்பம் ஒன்றில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஐந்து பேருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. முதல்முறை பார்த்தபோது தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தக் கிளம்பிவிட்டேன். பிழை இல்லை. பிறப்புப் பதிவே இல்லாத இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு வருடத்தை மட்டும் தோராயமாகக் கேட்டுக்கொண்டு, நாளும் மாதமும் ஜனவரி 1 என்று பதிவு செய்வது பல நாடுகளில் வழக்கம். கடைக்குட்டி என்னிடம் "எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பிறந்தோம், அக்காவுக்கு மட்டும் அது பிடிக்காது" என்றான். பெயரும் அப்படித்தான். ஒரு எழுத்து முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒரே மனிதரின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கும், ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் அது நான்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

விழிப்புணர்வு வீண் என்று ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால், அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும், வீட்டை வாடகைக்கு விடுகிறவரும், வகுப்பாசிரியரும் உங்கள் கூட்டத்திலிருந்து வருகிறவர்கள்தான். அவர்களுக்கு ஜனவரி 1 ஏன் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் "போலி ஆவணமா?" என்கிற அந்தப் பார்வை இருக்காது. கணக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பையனுக்கு உதவும், இது அவன் தினமும் சந்திக்கிற நாற்பது பேரை மாற்றும். இரண்டும் வேண்டும்.

மாணவிக்கு ஒரு வேண்டுகோள், சொற்களைச் சரியாகப் பிடியுங்கள். அகதி, தஞ்சம் கோருபவர் (அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்), உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர், வேலைக்காகப் புலம்பெயர்ந்தவர், நாலும் வேறு வேறு. 2024 முடிவில் கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் மொத்தம் 12 கோடியே 32 லட்சம் பேர். அதை அப்படியே "12 கோடி அகதிகள்" என்று சுவரொட்டியில் போடுவார்கள், தப்பு. அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் எந்த எல்லையையும் தாண்டாதவர்கள், சொந்த நாட்டுக்குள்ளேயே வீட்டை விட்டு ஓடியவர்கள். எல்லை தாண்டவில்லை என்பதால், அகதி யார், அவருக்கு என்ன உரிமை என்று சொல்லுகிற 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை அவர்களைத் தொடாது. எந்த அரசு காப்பாற்றவில்லையோ, சில சமயம் எந்த அரசு துரத்தியதோ, அதே அரசிடம்தான் கையேந்த வேண்டும். அவர்களுக்கென்று 1998-இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தன, ஆனால் அவை நெறிகள்தான், எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 2009-இல் உகாண்டாவின் கம்பாலாவில் இதற்கென்றே ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டன.

1951 உடன்படிக்கையே முதலில் ரொம்பக் குறுகலானது. 1951 ஜனவரி 1-க்கு முன் நடந்தவற்றால் ஓடியவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, அந்தத் தேதி வரம்பை 1967 நெறிமுறை என்கிற துணை ஒப்பந்தம்தான் எடுத்தது. இன்றைக்கும் அதில் சொல்லப்பட்டிருக்கும் காரணங்கள் ஐந்துதான்: இனம், மதம், தேசிய அடையாளம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. வெள்ளம், வறட்சி இதில் இல்லை, அதனால் காலநிலை அகதி என்பது நாம் பேச்சில் சொல்லுகிற சொல், சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது.

"சட்டவிரோத அகதி" என்று யாராவது சொன்னால் அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேரே வந்தவர், தாமதிக்காமல் அதிகாரிகளிடம் வந்து காரணத்தைச் சொன்னால், அனுமதியில்லாமல் நுழைந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. துரத்துகிற ஆளிடமே போய் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு வா என்று யாரிடமும் சொல்ல முடியாது இல்லையா. 33-ஆவது பிரிவு அதைவிட முக்கியம், ஆபத்து இருக்கிற இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது. நீளமாகிவிட்டது, மன்னிக்கவும், இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.


நடந்துவந்தவன் எழுதியது:

பொதுவாக நான் இந்த மாதிரித் திரிகளைப் படித்துவிட்டுப் போய்விடுவேன். ஆறு வயதிலிருந்து பதினேழு வயது வரை முகாமில் இருந்தவன். எந்த முகாம், எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் பேச்சு அந்த நாட்டு அரசியலுக்குப் போய்விடும்.

எங்கள் முகாமுக்கும் இளைஞர்கள் வருவார்கள். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், கழுத்தில் அட்டை. எங்களை உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், நல்லவர்கள்தான். ஒருவர் எனக்கு இரண்டு மாதம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். குதிரையை எப்படி நகர்த்துவது என்று புரிந்த வாரம் அவர் வரவில்லை. பரீட்சை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஆனால் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவந்த ஆட்கள், எங்களிடமிருந்தும் ஆட்கள் அப்படியே போனால் அது வேறு மாதிரி வலிக்கும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே எத்தனை வாரம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் என்றால் ஆறு, அது குறைவு இல்லை.

படங்களைப் பற்றி. அழும் குழந்தையின் படத்தை எடுக்கும்போது அந்தக் குழந்தையிடமோ வீட்டாரிடமோ கேட்டிருப்பார்களா? எங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணின் படம் ஒன்று எங்கெங்கோ வந்தது. ஊரில் மாட்டிக்கொண்டிருந்த அவளுடைய மாமாவைத் தேடி ஆள் வந்தார்கள். படத்தால்தானா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அதன் பிறகு அவள் அம்மா கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொள்வார்.

"எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று எல்லாரும் கேட்பார்கள், பொம்மை, குடும்பப் படம் என்று எதிர்பார்த்து. எங்கள் அம்மா எடுத்தது ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே அப்பாவின் படிப்புச் சான்றிதழ், அவருடைய வேலை நியமனக் கடிதம், எங்கள் தடுப்பூசி அட்டைகள், ஒரு மின்கட்டண ரசீது. ரசீது எதற்கு என்றால், அந்த முகவரியில் நாங்கள் இருந்தோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இரவில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுப்பார். மழை வந்தால் முதலில் கோப்பு, அப்புறம்தான் நாங்கள். சின்ன வயதில் எனக்கு அந்தக் கோப்பின்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பதினொரு வருடம் கழித்து அப்பாவின் சான்றிதழை வைத்துத்தான் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது, படித்த படிப்புக்கு மிகக் கீழே உள்ள வேலை, ஆனாலும் வேலை.

நீங்கள் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசுங்கள். எங்களுக்குப் பேசியே அலுத்துவிட்டது, ஒவ்வொரு புதிய மனிதரிடமும் ஆரம்பத்திலிருந்து. எங்கள் கதையைச் சொல்லச் சொல்லி மேடையில் ஏற்றாதீர்கள், அல்லது ஏற்றினால் அழவைக்கிற கேள்வி கேட்காதீர்கள். வேறு எதையாவது கேளுங்கள். நான் பூச்சிகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன், அதைத்தான் படிக்கிறேன். அகதிகளில் உயர்கல்விக்குப் போனவர்கள் 2019-இல் வெறும் 3 சதவீதம், 2030-க்குள் 15 ஆக்குவோம் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் நீங்கள், உங்கள் கல்லூரியில் சேர ஒருவர் வந்தால் எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கேட்க நீங்கள்தான் சரியான ஆள். நான் கேட்டால் விண்ணப்பதாரர் தொந்தரவு செய்கிறார் என்பார்கள்.


நேர்ப்பேச்சு எழுதியது:

கடைசியில் சொன்னது எனக்கும் உறைத்தது. நிர்வாகத்திடம் போய்க் கேட்பதும் வேலைதான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தஞ்ச மனு விஷயமும் எனக்குத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். செல்ஃபி பலகையை மட்டும் தயவுசெய்து தூக்கிவிடுங்கள்.


மழைக்கால_மாணவி எழுதியது:

நேற்று இரவு ஏழு பேரும் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படித்தோம். உறுத்துகிறது என்று சொன்னவள் சதுரங்கப் பகுதி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டு அப்புறம் வந்தாள்.

கூடாரம் இல்லை. செல்ஃபி பலகையும் இல்லை. பழைய பேனா அக்கா சொன்ன வரைபடம் வைக்கிறோம், விடை ஒட்டுகிற வேலை என்னுடையது, ஐந்து நாட்டைப் பற்றியும் கேட்டால் சொல்லும் அளவுக்குப் படிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஒரு மூலையில் "ஐந்து பேருக்கும் ஜனவரி 1" என்று மட்டும் எழுதி வைத்து, ஏன் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லப் போகிறோம், இருமொழிக்காரி அக்காவுக்கு நன்றி. சேர்க்கைப் பிரிவில் இன்று காலை இரண்டு பேர் போய்க் கேட்டோம். இடமாற்றுச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் முடியாது என்றார்கள். போரில் பள்ளியே இல்லாமல் போயிருந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டதற்கு, அந்த அம்மா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டு, எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறோம். பாடம் சொல்லிக்கொடுப்பது இந்தப் பருவத்தில் முடியாது, பரீட்சை இருக்கிறது, அதனால் தொடங்கவே இல்லை.

நடந்துவந்தவன் அண்ணா, உங்கள் அம்மாவின் கோப்பைப் பற்றி ஒரு சின்னப் பலகை வைக்கலாமா? பெயர், ஊர் எதுவும் வராது. இப்படி எழுதியிருக்கிறோம்: "போர் எல்லாவற்றையும் பறித்தபோது, கண்ணீரோடு ஒரு தாய் கிழிந்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் இருந்தது." சரியா பாருங்கள்.


நடந்துவந்தவன் எழுதியது:

வைக்கலாம். அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன், படம் வேண்டாம், மற்றபடி சரி என்றார். இரண்டு திருத்தம் சொல்லச் சொன்னார். அவர் அழவில்லை, அன்றைக்கு அழ நேரமே இல்லை, தடுப்பூசி அட்டை ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாராம். அப்புறம் கோப்பு கிழிந்தது என்று போட்டிருக்கிறீர்கள். அது கிழியவே இல்லை. இப்போதும் அலமாரியில் இருக்கிறது, பொத்தான்கூட போடும்.